பிள்ளைகுட்டி இல்லாதவர்களுக்கு மட்டும்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே மோட்டார் புகைந்துவிட்டது. நாற்பத்திரண்டு பெண்கள் வாயில் பேஸ்ட் நுரையோடு விடுதி மாடிப்படியில் நின்று வார்டனான என்னையே பார்த்தார்கள், நான்தான் தொட்டித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தவள் போல. சமையல்காரி பூவாத்தாள் இந்த டைரியின் பின்னட்டையிலிருந்து ஒரு கார்டை உருவி, "அக்கா, மோட்டார் காயில் கட்டற கடை ஒண்ணு இதுல இருக்குதே. கூப்பிட்டுப் பாக்கலாமுங்களா?" என்றாள்.

அது கோபிசெட்டிபாளையத்துக் கடை. அங்கிருந்து கோயமுத்தூருக்கு ஆள் வந்து சேர்வதற்குள் பாதிப் பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று சொல்லி, கார்டைப் பிடுங்கித் திரும்ப வைத்தேன். பக்கத்துத் தெரு ஆளையே கூப்பிட்டாயிற்று. என் டைரியை அவள் எதற்குத் தொட்டாள்? கேட்டால், மேசையைத் துடைத்தாளாம். அந்த மேசையை அவள் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

மாலையில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். பெயர் வடிவு, வயது இருபத்தெட்டு, தென்காசிப் பக்கம். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை இருக்கிறதே, எல்லோரும் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஓடுகிற அறை, அதைத்தான் கேட்டாள். பத்துப் பேர் மத்தியில் பயமில்லாமல் தங்கத்தானே ஒரு பெண் விடுதிக்கு வருகிறாள்? இவள் ஏன் தனி அறை தேடுகிறாள்?

சேர்க்கைப் படிவம் முதலாளி சென்னியப்பன் கைப்பட எழுதி நகலெடுத்தது. ஆறாவது கேள்வி: "பிள்ளைகுட்டி உண்டா?" முன்பு எவளுடைய புருஷனோ குடித்துவிட்டு வந்து வாசல் கதவை உடைத்தானாம். அதிலிருந்து மங்கை இல்லத்தில் கல்யாணமாகாதவர்கள், பிள்ளைகுட்டி இல்லாதவர்கள் மட்டும்தான். வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதே படிவம்தான். யோசிக்காமல் எழுதுகிற "இல்லை" ஒரு மாதிரி இருக்கும். வடிவு பேனாவை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் எழுதிய "இல்லை"யில் மை தடித்திருந்தது. பதினோரு வருடமாக அந்தக் கேள்வியைக் கடக்கிற கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதா.

ரெஜிஸ்டரில் "புது வரவு ஒன்று" என்று மட்டும் எழுதினேன். முதலாளி படிப்பது அது. இது எனக்கு.

ஜூன் 6, வியாழன்

கேரட் பாதி பாதியாகக் காணாமல் போகிறது. முழுதாகப் போனால் திருட்டு. பாதி போனால் என்னவென்று சொல்வது? பூவாத்தாளையே கொஞ்ச நேரம் பார்த்தேன். "என்னை எதுக்குங்கக்கா பாக்கறீங்க, எனக்குக் கேரட்டே புடிக்காது" என்றாள். கேட்காத கேள்விக்கு எதற்கு இந்தப் பதில்?

மொட்டை மாடி அறை வாசலில் காகிதத் துணுக்குகள் கிடந்தன, பொடிப்பொடியாகக் கிழித்தவை. கடிதத்தைக் கிழித்தால் இவ்வளவு பொடியாகக் கிழிக்க மாட்டார்கள். சேர்த்துப் பார்த்தேன். வெறும் வெள்ளைத் தாள், எழுத்தே இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஒட்டுக்கேட்கப் போகவில்லை. துணி காயவில்லை, அதனால் நிற்க வேண்டியதாயிற்று.

வடிவு உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பிள்ள ரெண்டு நாளா சரியாத் திங்கலைம்மா. பல்லு வேற வளந்துட்டு, வாயத் தொறக்கவே விடமாட்டேங்கு. டாக்டர்ட்ட காட்டணும். நீ அழாத தங்கம். நான் பாத்துக்கிடுதேன்லா."

பிள்ளை. பல். டாக்டர். ஆறாவது கேள்விக்கு மை தடித்தது சும்மாவா?

ஜூன் 11, செவ்வாய்

வடிவு ராத்திரிச் சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. இதோடு நான்காம் நாள். சாப்பாட்டுக் கூப்பனைத் திருப்பித் தந்து பணமாகக் கேட்டிருக்கிறாள், பூவாத்தாள் சொன்னாள்.

ஜூன் 13, வியாழன்

மாடிக் குப்பையில் பாதி கிழிந்த டாக்டர் சீட்டு. "பெயர்: பொரி. வயது: எட்டு மாதம். முன்பல் நீளம் குறைக்கப்பட்டது. கட்டணம் ரூ. 600." தேதி நேற்று. முத்திரையில் இந்த ஊர்.

எட்டு மாதப் பிள்ளையின் பல்லை எதற்கு வெட்டுகிறார்கள்? பொரி என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? அதை விடு. நேற்று இந்த ஊரில் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள் என்றால் பிள்ளை இங்கேதான் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, வெளியே பூட்டு, அவள் வேலைக்குப் போய்விட்டாள். ஒரு நாள்கூட அழுகைச் சத்தம் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவளுக்குத் தூக்க மருந்து கிடைப்பதா கஷ்டம்?

மாற்றுச் சாவியோடு மேலே போகிறேன்.

அதே நாள், மாலை

எலி.

கட்டிலுக்கு அடியில் ஈரத்துணி போர்த்திய கம்பிக்கூண்டு. உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் காகிதத் துணுக்கு. அதை விலக்கிக்கொண்டு கொழுக்கட்டை போல ஒன்று எழுந்து உட்கார்ந்தது. வெளுத்த பழுப்பு, வாலே இல்லை என்று சொல்லும்படி ஒரு துளி வால். இரண்டு கையாலும் என் பாதிக் கேரட்டைப் பிடித்துக்கொண்டு, நான்தான் அத்துமீறி நுழைந்தவள் என்பது போலப் பார்த்தது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பயந்தவளுக்கு அழுகை வரும், அதில் ஒன்றும் இல்லை.

வடிவு வந்ததும் கேட்டேன். "இதுக்குப் பேரு ஹாம்ஸ்டர், மேடம். எலி இல்ல," என்றாள்.

"எலி மாதிரி இருக்குது, எலி மாதிரித் திங்குது. எலி இல்லைன்னா என்ன, யானையா?"

"ஒத்தையில இருக்க முடியல மேடம். அதான் வாங்குனேன்."

"போனுல புள்ள புள்ளன்னு சொன்னியே, அது இதுதானா?"

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "எங்க ஊர்ல எல்லாத்தையும் பிள்ளன்னுதான் சொல்லுவோம். அணிப்பிள்ள, கீரிப்பிள்ள, கிளிப்பிள்ள. தென்னங்கன்னையே தென்னம்பிள்ளன்னுலா சொல்லுதோம்."

சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு நொடி எதற்கு?

தீர்ப்பு: ஒரு வாரம் கெடு, அதற்குள் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அதுவரை கூண்டு கீழே என் அறையில் இருக்கும். மேலே அந்தச் சூட்டில் இருந்தால் இன்னும் இரண்டு நாளில் கருவாடு. அதுவும் என் தலையில்தான் விடியும்.

ஜூன் 14, வெள்ளி

ராத்திரி முழுக்கக் கூண்டுக்குள் சக்கரத்தில் ஓடுகிறது. எங்கேயும் போய்ச் சேராமல் இவ்வளவு ஓட்டம். காலையில் நான் எழுந்தபோது அது தூங்கப் போனது.

வடிவு முழு நீளத் தாளில் இரண்டு பக்கத்துக்குப் பத்தியம் எழுதிக் கொடுத்தாள். தினை, கம்பு, ஓட்ஸ் தினம் ஒரு கரண்டி. சூரியகாந்தி விதை ஐந்துக்கு மேல் கூடாது, கொழுப்பு. வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு ஆகவே ஆகாது. கேரட் கட்டைவிரல் நகம் அளவு. தண்ணீர் தினமும் புதிதாக. குளிப்பாட்டவே கூடாது, கிண்ணத்தில் மணல் வைத்தால் அதுவே புரண்டுகொள்ளும். பகலில் எழுப்பக் கூடாது. நனைந்த துணுக்கை அன்றன்றே எடுக்க வேண்டும், ஆனால் மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் தன் வாசனை போய்விட்டதென்று பயந்துவிடும். வாரம் ஒரு முறை தராசில் எடை. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்கக் கொய்யாக் குச்சி. அதையும் மீறி வளர்ந்தால் டாக்டர், அறுநூறு ரூபாய்.

என் மாமியார்கூட இவ்வளவு பத்தியம் இருந்ததில்லை.

கூண்டு விலை இரண்டாயிரத்து எண்ணூறாம். எலி விலை நானூறாம். எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். மிஞ்சினால் இரண்டரை வருடம் என்றாள். ராத்திரிச் சாப்பாடு எங்கே போனது என்று இப்போது புரிகிறது. ஆனால் துணைக்காக எலி வளர்க்கிற ஒருத்தி அதற்காகப் பட்டினி கிடப்பாளா? எனக்கு இன்னும் கணக்கு இடிக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

ஆனி கேட்டை. கோயிலில் ஓர் அர்ச்சனை. நட்சத்திரம் மட்டும் சொன்னேன். "பேரு?" என்றார் குருக்கள். சாமி பேருக்கே பண்ணுங்க என்றேன். சாமி பேருக்குப் பண்ணுவதென்றால் நட்சத்திரம் எதற்கு என்று சிரித்தார். அவருக்கு எதற்கு இந்த விசாரணை?

எலியின் கெடு நேற்றோடு முடிந்தது. ஆள் கிடைக்கவில்லை. நான் இரண்டு பேரை விசாரித்தேன். ஒருத்தர் வீட்டில் பூனை. இன்னொருத்தர் முகம் சரியில்லை.

ஜூன் 23, ஞாயிறு

எடை 124 கிராம். போன வாரம் 121. பூவாத்தாள் பிள்ளையார் வாகனம் என்று சொல்லிக்கொண்டு பொட்டுக்கடலை போடுகிறாள் என்று சந்தேகிக்கிறேன். அது இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு, அம்மைக்கட்டு வந்தது போல மூலைக்குப் போய் எல்லாவற்றையும் துப்பிப் பதுக்குகிறது. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் அதற்கு. சந்தேகப் பிராணி. அந்த ஒரு விஷயத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் 26, புதன்

வடிவு தினமும் சரியாக மாலை ஆறரைக்கு என் அறைக்கு வருகிறாள். "பிள்ளையப் பாத்துட்டுப் போயிருதேன் மேடம்" என்பாள். கையில் போன். நான் வெளியே போகும்வரை நிற்பாள், அப்புறம் கதவைச் சாத்துவாள். என் அறையில், என் கதவை.

இன்று போனது போலப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

போனில் ஒரு சின்னக் குரல். "அம்மா, பொரிய இன்னும் கிட்டக் காட்டு. மூஞ்சி தெரியல."

வடிவு சொன்னாள்: "கேரட்டு திங்கான் பாரு. உன்னைத்தான் கேட்டான்."

"ஆச்சி இனிமே வெளிய தூக்கிப் போட மாட்டாளா?"

"மாட்டா தங்கம். அவன் எங்கிட்டலா இருக்கான்."

"நானும் உங்கிட்ட வரட்டா?"

நான் கொல்லைக் குழாயடிக்குப் போய்ச் சுத்தமாக இருந்த காலைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

ஆக, சந்தேகம் பொய்க்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 1, திங்கள்

ஐந்து நாள் பொறுத்தேன். இன்று கேட்டுவிட்டேன். வடிவு மறைக்கவில்லை.

மகளுக்கு ஆறு வயது, பெயர் செண்பகம். புருஷன் வீட்டில், தென்காசியில், மாமியாரிடம் இருக்கிறாள். அவன் அடித்ததால் இவள் வெளியேறினாள். பிள்ளையை அவர்கள் கூட அனுப்பவில்லை. எலி மகளுடையது, பிறந்தநாளுக்கு இவள் வாங்கிக் கொடுத்தது. மாமியார் அதைக் கூண்டோடு குப்பைமேட்டில் வைத்துவிட்டாளாம். பிள்ளை காய்ச்சலில் விழுந்தது. இவள் போய் எலியை எடுத்து வந்தாள். எலியை யாரும் தடுக்கவில்லை.

"ஆகஸ்டு அஞ்சாந்தேதி கோர்ட்டுல வாய்தா இருக்கு. இருக்கதுக்கு ஒரு எடமே இல்லாதவளுன்னு அவிய எழுதிக் குடுத்திருக்காவ. இங்கதான் இருக்கேன்னு ஒரு லெட்டர் கெடச்சா போதும். வீடு பாத்துட்டிருக்கேன். ஆனி முடியப் போகுது, ஆடியில ஒருத்தரும் வீடு தரமாட்டேங்காவ. அதுவரைக்கும் நீங்க சொல்லிராதிய மேடம்."

"கோர்ட்டுக்கு மட்டும் புள்ள வேணும், எங்க பாரத்துல மட்டும் இல்லையாக்கும்?" என்றேன்.

"உண்டுன்னு எழுதியிருந்தா எடம் தந்திருப்பியளா?"

தந்திருக்க மாட்டேன்.

"ஒரு எலிக்கு அறுநூறு ரூவா குடுத்துட்டுப் பட்டினி கெடக்கறியே," என்று பேச்சை மாற்றினேன்.

"அவன் செத்துட்டான்னா பிள்ள ஆறரை மணிக்கு என்னத்தக்கா பாக்கும்?" என்றாள். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. திருத்தவில்லை.

ஜூலை 4, வியாழன்

கொய்யாக் குச்சி வாங்கக் காலனி முழுக்க அலைந்தேன். மருந்து அடிக்காத மரமா என்று கேட்டால் ஒரு வீட்டம்மா முறைக்கிறாள். ஒரு முழம் குச்சிக்கு முறைப்பா?

ஜூலை 8, திங்கள்

பொரியின் காதோரம் ஒரு கறுப்புப் புள்ளி. வடிவு பயந்து, பூஞ்சையோ என்னமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். தொட்டால் விரலில் ஒட்டியது. கண் மை. "யாருக்கா இவனுக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சது?" என்றாள். எனக்கென்ன தெரியும். வந்து போகிறவர்கள் ஆயிரம் பேர். என் மைச் சிமிழை யாரோ மூடாமல் வைத்திருக்கிறார்கள், அதையும் விசாரிக்க வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

வாசலில் ஒருவன் பைக்கை அணைக்காமல் நின்றான். ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. "வடிவுன்னு ஒரு பொம்பள இங்க இருக்காளா? ஒரு பிள்ளைக்குத் தாயி," என்றான்.

"பிள்ளைக்குத் தாயிங்கள இங்க சேக்கறதில்லீங்க. போர்டு தெரியுதுங்களா?"

"முதலாளி நம்பர் குடுங்க."

"போர்டுலயே இருக்குதுங்க."

எழுதிக்கொண்டு போனான். வெளியே நிற்கும் நாய்கூட அவனைப் பார்த்துக் குரைக்கவில்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. வடிவிடம் சொல்லவில்லை. அவள் இன்றுதான் ஒரு மாதத்துக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள்.

ஜூலை 17, புதன். ஆடி 1

பூவாத்தாள் கொல்லையில் தேங்காய் சுட்டாள். தேங்காய்க்குள் வெல்லமும் அவலும் எள்ளும் அடைத்து, குச்சியில் குத்தி நெருப்பில் காட்டுகிற எங்கள் பக்கத்து நோன்பு. தெற்கத்திப் பெண்கள் அதிசயமாகப் பார்த்தார்கள். பொரிக்கு வெல்லம் படாமல் நகம் அளவு தேங்காய் கொடுத்தேன். வாங்கிப் பதுக்கியது.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். "நாளைக்கு வர்றனுங்க. அந்த வடிவுப் பொண்ணோட பாரத்த எடுத்து வைங்க."

ஜூலை 18, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். என் அறையில் உட்கார்ந்தார். வடிவின் படிவத்தை இரண்டு முறை படித்தார். "தென்காசியிலிருந்து ஒருத்தன் ஒரு வாரமா போன் மேல போன் போடறானுங்க. இந்தப் பொண்ணுக்குக் கொழந்தை இருக்குதாமா. நெசங்களா?"

"அவன் வேற வடிவத் தேடறானுங்க. அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வடிவு இருக்குமுங்க." இது பொய். ஒத்துக்கொள்கிறேன்.

"போனுல புள்ள புள்ளன்னு பேசறாளாமா. அவன் ஆள் வெச்சுக் கேட்டிருக்கறான்."

அப்போது கூண்டுக்குள் காகிதம் சலசலத்தது. முதலாளி திரும்பினார். பகலில் எழவே எழாத அது, பேச்சுச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து மீசையைத் துடைத்தது.

"அதென்னுங்க?"

"அதுதானுங்க புள்ள," என்றேன். தெற்கத்திக்காரர்கள் அணிப்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று சொல்வதை எடுத்துச் சொன்னேன். நானே அந்தப் பேச்சைக் கேட்டு ஏமாந்து, மாற்றுச் சாவியோடு மாடிக்கு ஓடி, எலியைப் பார்த்து அழுததை ஒன்று விடாமல் சொன்னேன். உண்மையைச் சொல்லும்போது எனக்கு நன்றாகப் பேச வருகிறது. முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "புள்ளையுமில்லாம குட்டியுமில்லாம இருக்கோணும்னுதான் பாரத்துலயே எழுதியிருக்கறன். குட்டி வெச்சிருக்கறாளே," என்றார்.

"அவ ரூமுல இல்லீங்க, என்ற ரூமுலதான் இருக்குது. குரைக்காது, கடிக்காது. பிள்ளையார் வாகனமுங்க."

சிரிப்பை நிறுத்தினார். அவர் நல்ல மனிதர், ஆனால் இளித்தவாயர் இல்லை. "மரகதம்மா, நான் உங்கள நம்பித்தான் இந்த எடத்த நடத்தறேன். அவளுக்குப் புள்ள இல்லைன்னு சத்தியமா சொல்லுங்க. நான் போயிடறேன்."

இந்தக் கட்டிடத்துக்குள் அவளிடம் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அது உண்மை. அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். கூண்டு மேல் கையை வைத்தேன்.

"இந்த இல்லத்துல அவகிட்ட இருக்கற புள்ள இது ஒண்ணுதானுங்க. என்ற மகன் மேல சத்தியமா."

முதலாளி தலையாட்டினார். ஏற்கெனவே எழுதி மேசையில் வைத்திருந்த முகவரிச் சான்றை நானே நீட்டினேன். வடிவு ஜூன் முதல் இங்கே தங்கியிருக்கிறாள் என்று நான்கு வரி. கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், முத்திரை குத்தினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அப்புறம் அதை மறுபடி வெளியே எடுத்தார்.

"மகன்னு சொன்னீங்களே."

கூண்டு மேலிருந்து கையை எடுத்தேன்.

"உங்க பாரத்துல இல்லைன்னு எழுதியிருக்குது. புருஷனும் தவறிட்டாரு, புள்ளகுட்டியும் இல்லைன்னு."

சத்தியம் செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் பிள்ளை மேல்தான் செய்வார்கள். வாய் தானாகப் போய்விட்டது. இருபத்துமூன்று வருடமாக எதற்கும் சத்தியம் செய்யாமலே இருந்தேன், இதற்காகத்தான்.

"இருக்கறானுங்க," என்றேன். "ஒருத்தன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பதினோரு வருஷமுங்க," என்றார். "ஒரு தடவை சொல்லியிருக்கலாமுங்களே." வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தப் பொண்ணு இருக்கட்டும், சத்தியம் பண்ணிட்டீங்க. ஆடியில யாரையும் போகச் சொல்லக் கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி சாவிக்கொத்தக் குடுத்துருங்க," என்றார்.

சான்றை வடிவிடம் கொடுத்தேன். முதலாளி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார் என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை நனைந்துவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

ஒரு வேலையும் ஓடவில்லை. நான் செய்தது உண்மைச் சத்தியமா, பொய்ச் சத்தியமா? சொன்ன சொல் உண்மை. அவரை நம்ப வைத்தது பொய். சாமி சொல்லைப் பார்க்குமா, நினைப்பைப் பார்க்குமா? சத்தியம் பொய்யானால் சொன்னவர்களை ஒன்றும் செய்யாது. யார் மேல் சொன்னோமோ அவர்களைத்தான் பிடிக்கும் என்பார்கள். இந்த ஏற்பாட்டை எவன் செய்தான்?

ஜூலை 20, சனி

பின்னட்டைக் கார்டை எடுத்து வைத்தேன், திரும்பச் செருகினேன், மறுபடி எடுத்தேன். எழுதி விடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

பெயர் மயிலேஸ்வரன். கேட்டை நட்சத்திரம். நான் வெளியேறியபோது நான்கு வயது. அப்பனும் அப்பத்தாளும் பஞ்சாயத்து வைத்து நிறுத்திக்கொண்டார்கள். பஞ்சாயத்தில் கேட்டது ஒரே கேள்வி: இருப்பதற்கு இடம் இருக்கிறதா உனக்கு? இல்லை என்றேன். அன்றைக்கு எனக்கு நான்கு வரியில் ஒரு சான்று எழுதித் தர ஆள் இல்லை. அப்புறம் பிள்ளைகுட்டி இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் இந்த இடம் கிடைத்தது. இடம் கிடைத்தபோது அவனுக்குப் பதினாறு வயது. என்ன முகத்தோடு போவேன்? இப்போது கோபியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். கார்டு, அந்தப் பக்கத்து உறவுக்காரி ஒருத்தி பேருந்தில் பார்த்துக் கொடுத்தது. தூசியாக இருக்கும் என்று தினமும் துடைப்பேன்.

கரண்டில் கை வைக்கிற தொழில். எனக்கு அதுதான் பயம்.

ஜூலை 21, ஞாயிறு

காலை: பொரி எடை 126. தண்ணீர் மாற்றினேன், நனைந்த துணுக்கை எடுத்தேன். மாலை ஆறரைக்குச் செண்பகம் வந்தாள், வந்தாள் என்றால் போனில். இப்போது என்னையும் காட்டச் சொல்கிறாள். "பொரியோட வார்டன்" என்பது என் பெயர்.

வடிவு மேலே போனதும் கதவைச் சாத்தினேன். உயிரோடு, உடம்பு சுகமாக இருக்கிறானா என்று மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு எண்ணை அழுத்தினேன்.

"மயில் மோட்டார்ஸுங்க."

அவன் குரலில் அப்பன் சாயல் இல்லை. அந்த மட்டும் நல்லது.

"சொல்லுங்க, எத்தன எச்.பி. மோட்டாருங்க?"

"ஒன்றரைங்க."

"காயில் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. நல்லா ஓடுது."

"அப்புறம் என்னுங்க பிரச்சனை?"

"பிரச்சனை ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு உடம்பு கிடம்பு நல்லாருக்குதுங்களா? கரண்டு கிரண்டு பாத்து வேலை செய்யறீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. "நல்லாருக்கறனுங்க. நீங்க யாருங்க?"

"கோயமுத்தூருங்க. மங்கை இல்லம் வார்டன்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆயிற்று. நன்றாக இருக்கிறான். சத்தியம் பலிக்கவில்லை, அல்லது உண்மைச் சத்தியம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. கூண்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பொரி சக்கரத்தில் ஏறியது.

பத்து நிமிடம் கழித்து போன் அடித்தது. அதே எண். எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"உங்க பேரு மரகதங்களா?" என்றான்.

ஏன் கேட்கிறான்? ரசீதுக்கா, வாடிக்கையாளர் நோட்டில் எழுதவா? முதலில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் ரசீதுக்குப் பெயர் கேட்கிறவன் பதிலுக்காக இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க மாட்டான்.

"ஆமா கண்ணு," என்றேன்.